ஓதம் பிடித்த சுவர்

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு பெரிய தொழிற்கூடம். எஃகுக் குழாய்களை வெல்டிங் வைத்து இணைப்பார்கள். அந்த இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பிலிமாக எங்கள் அறைக்கு அனுப்புவார்கள். விளக்குப் பெட்டியின் மேல் பிலிமை வைத்து, உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று பார்த்து எழுத வேண்டியது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலைக்குப் பெண்கள் அதிகம் வரவில்லை. வந்த ஒருத்தியும் நானாகப் போனதால், "அந்தம்மா கையில மாட்டுனா தேறாது" என்று வெல்டர்கள் பேசிக்கொண்டார்கள். அது என் காதுக்கும் வந்தது. பொய் என்று சொல்ல மாட்டேன்.

நாள் முழுக்கச் சாம்பல் நிறத்தையே பார்த்துவிட்டு வெளியே வந்தால் கண் எரியும். குடியிருப்புக்கு நடக்கிற வழியில் உப்புக்காற்று வேறு முகத்தில் அப்பும். கணவர் அதே வளாகத்தில் கணக்குப் பிரிவு. செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம். நான் சேலத்துப் பெண். எங்களுக்கு ஒரே மகள். காலையில் சமையல், பகலில் பிலிம், சாயங்காலம் மறுபடி சமையல் என்று ஓடிய வருடங்கள் அவை.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது என் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. பிலிம் கழுவுகிற இடத்தில் மருந்து ஏதாவது பட்டிருக்கும் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிலிமில் ஒரு புள்ளியைக் கண்டால் உடனே இரும்பைக் குறை சொல்லிவிடக் கூடாது. அது பிலிமின் மேல் பட்ட கறையாகவும் இருக்கலாம், நகக்கீறலாகவும் இருக்கலாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மேலே பட்டது பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு என் விரலையும் ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பளபளக்கவில்லை. உள்ளிருந்து வந்ததுதான் என்று தெரிந்தது.

விரல்கள், புறங்கை, முழங்கை, பிறகு உதட்டோரம், பின்கழுத்து என்று அது தன் வழியில் போனது. செங்கல்பட்டுத் தோல் மருத்துவர் நல்ல மனிதர். இது தொற்றாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் எங்கே போய் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்று நேராகச் சொன்னார். களிம்பு பூசிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் எண்ணெய் கொடுக்கிறார் என்றார்கள், அதையும் வாங்கித் தடவினேன். தயிர் கூடாது, மீன் கூடாது, புளி கூடாது என்றார். எதை விட்டும் அது என்னை விடவில்லை.

கடைசியில் வந்து சேர்ந்தது ஒரு கிரீம். தோலின் நிறத்துக்குச் சமமாக இரண்டு டியூபுகளைக் கலந்து, ஒரு பூச்சு பூசி, காயவிட்டு, இன்னொரு பூச்சு பூசி, மேலே பவுடர் ஒற்ற வேண்டும். மகளுக்கு டிபன் டப்பா கட்டுவதற்கு முன்னால் இந்த வேலை. பகலில் வியர்த்தால் கோப்புகளின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டும். நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, நான் கொடுத்த சுண்டலைச் சிரித்த முகத்தோடு வாங்கிப்போய்ப் படிக்கட்டுக்குக் கீழே காகத்துக்குப் போட்டதைப் பார்த்தேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். எங்கள் குடியிருப்பில் எல்லாரும் படித்தவர்கள், வாயே திறக்க மாட்டார்கள். அதற்கு மூடி எங்கே போய்த் தேடுவது? அடுத்த வருடம் கொலு வைக்கவில்லை.

எங்கள் கூடத்தின் கிழக்குச் சுவர் கடலைப் பார்த்தது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதில் ஓதம் ஏறும். பூச்சு பொரிந்து, விரலால் தொட்டால் மாவாக உதிரும். புகார் எழுதிக் கொடுத்தால் பராமரிப்பு ஆட்கள் வந்து சுரண்டி, சிமென்ட் வைத்து, டிஸ்டம்பர் அடித்துவிட்டுப் போவார்கள். பொங்கலுக்குள் மறுபடி பொரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரோ விருந்தாளி வருகிறார்கள் என்று, தொங்கிக்கொண்டிருந்த பொருக்குகளை மட்டும் தட்டிவிடலாம் என்று தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

வெள்ளைக்குக் கீழே ரோஜா நிறம் வந்தது. அதற்குக் கீழே கிளிப்பச்சை, அதற்கும் கீழே நீலம் போட்ட சுண்ணாம்பு. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர்களில் யாரோ ஒருத்திக்கு ரோஜா நிறம் பிடித்திருக்கிறது. பச்சையின் ஓரம் ரோஜாவுக்குள் கிழிந்து, நீலம் ஒரு பக்கம் எட்டிப் பார்த்து, நடுவில் உப்புப் பூத்து வெள்ளையாக நின்றது. அழகாக இருந்தது. இதைப் போய் அழகு என்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அடுப்பில் சாதம் அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. ஓவியம் என்று அதற்குப் பெயர் வைக்கவே வெகுநாள் ஆனது. பள்ளிக்கூடத்தில் வாழைப்பழம் வரையச் சொன்னால் கத்தரிக்காய் வரைந்தவள் நான். ஹார்டுவேர் கடையில் சுவரில் அப்புகிற பட்டியும் சாயமும் வாங்கினேன். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் செதுக்கி விழுந்த கல்தூளைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு பை கேட்டேன். பாத்திரம் தேய்க்கவா என்றார்கள். ஆமாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் ஒரு பிளைவுட் பலகையில் செய்து பார்த்தேன். பட்டியில் கல்தூளைக் குழைத்துப் பூசுவேன். பாதி காய்ந்ததும் பழைய நூல்புடவைத் துண்டை அதில் அழுத்தி உரிப்பேன். நெசவின் தடம் நிற்கும். அதன் மேல் தண்ணீராகக் கரைத்த நீலம். காய்ந்த பின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேடெல்லாம் வெளுத்து, பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். புளித்தண்ணீரில் துருப்பிடித்த ஆணிகளை ஊறவைத்து வரும் கறுப்பை அதன் மேல் வழியவிடுவேன். அந்தத் துரு எனக்குத் தெரிந்த சரக்கு. அலுவலகத்தில் அதன் மேல்தான் பகை, இங்கே பக்கத்தில் உட்கார்த்திவைத்துக் கொஞ்சினேன்.

அந்த முதல் பலகை பாழாய்ப் போனது. காரணம் கெட்ட பழக்கம். ஒரு விரிசல் விழுந்தால் அடைத்தேன், ஒரு குமிழி வந்தால் தேய்த்தேன், அடைத்த இடம் துருத்தினால் அதையும் தேய்த்தேன். கடைசியில் ரேஷன் கடைப் பலகை மாதிரி மொழுக்கென்று நின்றது. வெல்டிங்கில் ஒரே இடத்தை மறுபடி மறுபடி அரைத்து நிரப்பினால் அந்த இரும்பே கெட்டுவிடும், அதனால் அதற்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். குறையே இல்லாத இணைப்பு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது, எவ்வளவு குறையை ஏற்கலாம் என்றுதான் விதிப்புத்தகம் பேசும். அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறவள், வீட்டில் ஒரு பலகையைத் தேய்த்தே கொன்றிருந்தேன்.

பிறகு சுவருக்கே போனேன். பொரிந்த இடத்தைப் பொரிந்தபடி விட்டு, அதைச் சுற்றி ஒவ்வொரு பூச்சாக ஏற்றினேன். கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும், பல மாதங்கள். அசதியாக இருக்கும். ஆனால் அது அலுவலக அசதி மாதிரி இல்லை, படுத்தால் தூக்கம் வந்தது. கணவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். கடலா என்று கேட்டார். இல்லை என்றேன். மேகமா என்றார். இல்லை என்றேன். பின்னே என்ன என்று கேட்டதற்கு, சுவர் என்று சொன்னேன். அவர் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார். செங்கல்பட்டிலிருந்து வந்த அவருடைய அக்கா மட்டும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சுவருக்குச் சொறி பிடித்தாற்போல் இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த வருடமும் மழை முடிந்ததும் கணவர் பழக்கதோஷத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வேலை முடிந்து வந்தபோது பராமரிப்புக்காரர் கூடத்தில் குந்தியிருந்தார். என் சுவரின் இடது கீழ்மூலையைச் செங்கல் தெரிகிறவரை சுரண்டி, சிமென்ட்டும் வைத்து முடித்திருந்தார். பக்கத்தில் சுண்ணாம்பு வாளி.

"ஓதம் ரொம்ப மோசமா கீதும்மா," என்றார். "சொரண்ட சொரண்ட கலர் கலரா வந்துகினே கீது. உள்ள வெறும் கல்லுத்தூளு. கட்டனவன் கலவையே செரியா போடல."

அவ்வளவு அக்கறையாகச் சொன்னார். தண்ணீர் கொடுத்து, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாளியோடு அனுப்பிவைத்தேன். போன பிறகு அழுதேன். சில வாரங்கள் அந்த மூலைப் பக்கமே திரும்பவில்லை. ஒரு நாள் சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது பார்த்தேன். அவர் கொத்துக்கரணையை இழுத்த வேகம் அப்படியே அந்தச் சாம்பல் சிமென்ட்டில் நின்றது. அதன் ஓரத்தில் துருவும் நீலமும் ரோஜாவும் உடைந்து உடைந்து தெரிந்தன. அந்த மாதிரி ஒரு முரட்டு இழுப்பை நான் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கவே முடியாது. அதைத் தொடவில்லை. அந்தச் சுவரிலேயே நன்றாக வந்தது நான் போடாத இடம்தான்.

சுவரை அப்படியே விடக் கற்றுக்கொண்டவள், மறுநாள் காலையில் எழுந்து கையில் கிரீம் பூசிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். புத்தி ஒரு பக்கம் போகும், பழக்கம் இன்னொரு பக்கம் போகும்.

மகள் படித்து முடித்து நாவலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். அலுவலக வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்து கொண்டுவந்து விடும். அடுத்த வருடமே நாத்தனார் ஒரு வரன் கொண்டுவந்தார். செங்கல்பட்டில் லாரி வைத்து நடத்துகிற குடும்பம், பையனும் கணினி வேலை, மகளுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்க்க வருகிற நாளன்று நாத்தனார் விடியும்போதே வந்துவிட்டார். சுவரைக் கழற்றிவைக்க முடியாது என்பதால் ஸ்டீல் பீரோவை நகர்த்தி அதை மறைத்தார். சித்திரை வெயிலில் எனக்கு முழுக்கை ரவிக்கை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள், நாம் பொய்யா சொல்கிறோம், சொல்லாமல் இருக்கிறோம், அவ்வளவுதானே என்று என்னைச் சமாதானப்படுத்தினார். அம்மாவைப் பார்த்தால் பெண்ணுக்கும் வரும் என்று நினைத்துவிடுவார்களே என்பது அவருடைய பயம். அது என் பயமும்தான். மகளைக் குளிப்பாட்டிய வயதிலிருந்து அவள் உடம்பை நான் புள்ளி தேடித்தான் பார்த்திருக்கிறேன். அவள் வளர்ந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அந்தத் தேடல் நின்றது.

பத்திரிகை அடித்த பிறகு நாத்தனார் இன்னொன்றும் சொன்னார். தாரை வார்க்கும்போது மகளின் கையையும் மாப்பிள்ளையின் கையையும் தகப்பன் சேர்த்துப் பிடிக்க, பெற்றவள் சொம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும்.

"தண்ணி பட்டா அது கரைஞ்சிடும். மாப்பிள வூட்டு ஜனம் மொத்தமும் உன் கையத்தான் பாத்துகினு இருக்கும்," என்றார். "நானும் எங்க வூட்டுக்காரரும் நின்னு வாத்துடறோம். இன்னா சொல்ற?"

கணவர் என்னைப் பார்க்காமல், அக்கா சொல்வதும் சரிதான் என்றார். நாத்தனார் கெட்டவர் இல்லை. என் பிரசவத்துக்கு அம்மா வர முடியாமல் போனபோது வந்திருந்து, எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர்தான். நான் சரி என்றேன். சண்டை போடவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. புடவை எடுக்கப் போனாலும், சீர்வரிசைப் பாத்திரம் பார்க்கப் போனாலும், பெற்றவள் நான், வார்க்கிறவள் இன்னொருத்தி என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. பித்தளைக் கடையில் ஒரு சொம்பைக் கையில் எடுத்துவிட்டு, கடைக்காரர் விலை சொல்லச் சொல்ல, வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

கல்யாணம் செங்கல்பட்டில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தத்துக்கு முன்னால் மணமகள் அறையில் ஒரே கூட்டம். நான் கையிலும் உதட்டோரத்திலும் பூச்சை முடித்து, முழுக்கை ரவிக்கையோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மகள் அலங்காரம் செய்கிற பெண்ணைக் காபி குடித்துவிட்டு வரச் சொன்னாள். சித்திமார்களையும் அனுப்பினாள். என்னைக் கதவைத் தாழ் போடச் சொன்னாள். நகை ஏதோ காணோம் போல என்று எனக்குப் பதறியது.

அவள் இடது கையில் ரவிக்கையின் கரையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே, உள்பக்கமாக, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வெள்ளை.

அது என்னவென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சாய்த்துப் பார்க்கவும் தேவையிருக்கவில்லை. அங்கே கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"காலேஜ் கடைசி வருஷம்மா. ரொம்பப் பெருசாகல."

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்று நான் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"அவருக்குத் தெரியும். பொண்ணு பாத்துட்டுப் போன மறுநாளே போன்ல சொல்லிட்டேன். அவங்கம்மாவுக்கும் தெரியும். உன்னோடதும் தெரியும், அன்னிக்கே உன் கழுத்துல பாத்தாங்களாம். உனக்கு மட்டும்தான் சொல்லல."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

அவள் கண்ணில் மை தீட்டியிருந்தது. அது கலையக் கூடாதென்று மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா நீ அந்த டியூப எடுத்துட்டு வந்துடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா."

அவள் சொன்னது சரி. கொண்டுபோயிருப்பேன். அவள் தோலுக்கு எந்த டியூபோடு எதைக் கலக்க வேண்டும் என்றுகூட அந்த நிமிடத்தில் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. என் கை தானாக நீண்டு அவள் ரவிக்கைக் கரையைக் கீழே இழுத்துவிடப் போனது. பாதியில் நிறுத்தினேன். நிறுத்திய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த வெள்ளையின் மேலேயே வைத்தேன். சூடாக இருந்தது. குழந்தையில் காய்ச்சல் பார்க்கத் தொட்டதற்குப் பிறகு அவளை நான் அப்படித் தொட்டதில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டி, ஐயர் கூப்பிடுகிறார் என்றார்கள்.

அறையை ஒட்டிய குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். பழுப்பாக ஓடியது. உதட்டையும் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். ரவிக்கையின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டேன். கதவுக்கு வெளியே நின்றிருந்த கணவரிடம், நான்தான் வார்க்கப் போகிறேன் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அக்காவிடம் யார் சொல்வது என்றார். நானே சொல்கிறேன் என்றேன்.

மேடையில் நாத்தனார் சொம்போடு தயாராக நின்றார். பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சொம்பைக் கொடுக்காமல் மாப்பிள்ளையின் அம்மாவைத்தான் பார்த்தார். அந்த அம்மா தாம்பாளத்தைச் சரிசெய்துகொண்டே, நிமிராமல், "அம்மா வந்துட்டாங்க இல்ல, அவங்க கையில குடுங்க," என்றார்.

கணவர் கீழே கையை ஏந்தினார். அதன் மேல் மகளின் கை, மாப்பிள்ளையின் கை. மணிக்கட்டுவரை வெளுத்த என் இரண்டு கைகளையும் மண்டபம் முழுக்கப் பார்த்தது. யாரோ குசுகுசுவென்று பேசியதும் காதில் விழுந்தது. தண்ணீர் பாதி மகள் கையிலும் பாதி அவள் புடவையிலும் விழுந்தது. அவள் தலை குனிந்தபடி சிரிப்பது தெரிந்தது. ஐயர் மந்திரத்தை முடித்துவிட்டுப் போதும் அம்மா என்றார். நான் நிறுத்தவில்லை. சொம்பு காலியாகும் வரை வார்த்தேன்.